அரளியை நடுவது எளிது, வெட்டுவதுதான் வேலை

அரளி வளர்க்க யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் லாரிப் புகையையும் சித்திரை வெயிலையும் வாங்கிக்கொண்டு, தண்ணீர் வண்டி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்ற நிலையிலும் அது பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. எதிர்ப்பக்க வண்டியின் விளக்கொளியை மறைக்கும், ஆடு மாடு வாய் வைக்காது, ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும். நெடுஞ்சாலைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டிலும் அதே கதைதான், வைத்தால் வளரும். நட்டவர்கள் திணறுவது இரண்டாம் மூன்றாம் ஆண்டில், புதர் மதில்சுவரைத் தாண்டி எழும்பி, யாரையாவது கூப்பிட்டு வெட்டிவிடலாம் என்று தோன்றும் நாளில். எப்படி வெட்டுவது, வெட்டியதை எங்கே போடுவது என்று முன்கூட்டி யோசித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே நடவைச் சீக்கிரம் முடித்துவிட்டு அந்த நாளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. அரளியில் நஞ்சு இல்லாத பாகம் கிடையாது. இலை, பூ, பட்டை, வேர், விதை, ஒடித்தால் கசியும் பால் எல்லாமே உள்ளே போனால் இதயத் துடிப்பைக் குலைக்கும். இதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் அளந்து கொடுக்கும் டிகாக்சின் மருந்துக்கு உறவான பொருள்கள்தான் இதிலும் இருக்கின்றன, அளவு மட்டும் யார் கையிலும் இல்லை. செவ்வரளியில் ஓலியாண்ட்ரின், மஞ்சள் அரளியில் தெவெடின். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். காயவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. இதற்காகப் பயந்து ஓடவும் வேண்டாம். சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போட்டு விடியற்காலையில் மொட்டு பறிக்கிறார்கள். திருவாரூருக்குப் பக்கத்தில் திருக்கரவீரம் சிவன் கோயிலில் அரளிதான் தலமரம். தொட்டாலே ஆள் விழுந்துவிடுவார் என்பதெல்லாம் கட்டுக்கதை. வாய்க்கும் கண்ணுக்கும் போகக்கூடாது, புகையாக மூக்குக்கும் போகக்கூடாது. கீழே சொல்லப்போகும் கெடுபிடியெல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

நர்சரியில் அரளி என்று கேட்டால் இரண்டு செடிகளைக் காட்டுவார்கள். ஒன்று செவ்வரளி, வெள்ளரளி, ரோஸ் அரளி என்று நிறம் நிறமாக வரும் இனம். ஒரு கணுவுக்கு மூன்று இலை வட்டமாக நிற்கும், காய் மெலிந்து நீண்டிருக்கும். மற்றது மஞ்சள் அரளி, மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. குழல் மாதிரி மஞ்சள் பூ, பச்சையாக உருண்ட காய், உள்ளே கெட்டியான கொட்டை. என் தோட்டங்களில் இரண்டாவதை நான் வைப்பதில்லை. பூ அழகுதான், சிவபூஜைக்கும் ஆகும், ஆனால் அந்தக் காய் கீழே விழுந்து உருளும். உருளும் எதையும் சின்னப் பிள்ளைகள் எடுப்பார்கள், எடுத்ததை வாயில் வைப்பார்கள். ஏற்கெனவே வீட்டில் மரமாக நிற்கிறது, வெட்ட மனமில்லை என்றால், காய் பிடிக்கப் பிடிக்கக் கிள்ளி எறியுங்கள், அடியில் தினமும் கூட்டுங்கள். அதற்கு நேரமில்லாதவர்கள் செவ்வரளியோடு நிறுத்திக்கொள்ளலாம். இடம் குறைவென்றால் குட்டை ரகம் கேளுங்கள். மூன்று நான்கு அடிக்குள் நிற்கும், பெரிய தொட்டியிலும் பூக்கும். பல இதழ் அடுக்கு ரகங்கள் நர்சரியில் கண்ணைப் பறிக்கும். மழை பெய்தால் அந்த அடுக்குப் பூ நீரை வாங்கிக்கொண்டு அழுகிக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை இதழ் ரகம் தானாக உதிர்ந்துவிடும். நான் ஒற்றைக் கட்சி.

இடத்துக்கு வருவோம். குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலை மட்டும்தான். மதிலிலிருந்து மூன்று அடி உள்ளே தள்ளி நடுங்கள். மதிலை ஒட்டி நட்டால் கிளை தெருவில் தொங்கும், போகிற வருகிற பிள்ளைகள் ஒடிப்பார்கள். கிணறு, மூடாத தரைத்தொட்டி, மீன் தொட்டி, பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் தொட்டி, இவற்றின் மேல் இலையோ பூவோ விழுகிற இடம் வேண்டவே வேண்டாம். ஊறிய தண்ணீரிலும் நஞ்சு இறங்கும். துணி காயப்போடும் கொடிக்கும் ஊஞ்சலுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். கீரைப் பாத்தியின் ஓரத்தில் வேலியாக வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கக்கூடாது. கீரை பறிக்கிற கை வேகமான கை, உதிர்ந்த இலையைப் பார்த்துப் பிரிக்காது.

நடவு இவ்வளவுதான்: ஒன்றரை அடிக் குழி, எடுத்த மண்ணோடு கொஞ்சம் மணலும் மக்கிய தொழுவுரமும், செடிக்குச் செடி ஆறடி, நெருக்கமான வேலி வேண்டுமானால் நான்கடி. எந்த மண்ணிலும் வரும், கடலோர உப்புக் காற்றையும் தாங்கும். தண்ணீர் தேங்குவது மட்டும்தான் ஆகாது. முதல் இரண்டு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை, ஓராண்டு ஆனபின் நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை. யூரியா போடாதீர்கள். தழை மண்டும், பூ குறையும், வெட்டு வேலை கூடும். யாருக்கு வேண்டும்?

செடியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை, போத்து வைத்தாலே வந்துவிடும். பென்சில் கனத்தில், முக்கால் அடி நீளத்தில், பழுப்பேறத் தொடங்கிய கிளையாகப் பார்த்து வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலையை நீக்கி, மேலே உள்ளதையும் பாதியாக நறுக்கி, நுனியில் மொட்டு இருந்தால் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஒரு மாதத்தில் வேர்விடும். தண்ணீரில் போட்டாலும் வேர்விடும் என்று சொல்லிப் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எதில்? காலியான தண்ணீர் பாட்டிலில். அதை எங்கே வைக்கிறார்கள்? சமையலறை ஜன்னலில். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வீட்டுக்கு வந்த யாரோ தாகத்துக்கு எடுத்துக் குடிக்க ஒரு நிமிடம் போதும். மணலில் வையுங்கள். தண்ணீரில்தான் வைப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வெளியே, குழந்தையும் நாயும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பூச்சி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இளந்தளிரில் மஞ்சளாக அசுவினி மொய்க்கும். தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், மீதிக்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும். கண் மாதிரி நீலப் புள்ளி வைத்த பருத்த பச்சைப் புழு ஒன்று வரும். விட்டிலாகப் போகிற புழு அது, கையால் எடுத்து அப்புறப்படுத்தலாம், கையுறையோடு. இலைக்கடியில் பளபளக்கும் கூட்டுப்புழு தொங்கினால் தொடாதீர்கள். வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சி வரப்போகிறது. நான்கு இலை போனால் போகட்டும்.

இனி கவாத்து.

அரளி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். ஒரு கணுவில் மூன்று இலை, மூன்று இலைக்கும் அடியில் ஒவ்வொரு மொக்கு. கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோ வரும், ஒவ்வொன்றின் நுனியிலும் கொத்து. வெட்டாமல் விட்ட செடி உயரமாகப் போய், அடி மொட்டையாகி, கைக்கெட்டாத உச்சியில் நாலு பூ காட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு எடுங்கள். பல ஆண்டுகளாகக் கவனிக்காத கிழட்டுப் புதராக இருந்தால் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாகவே வெட்டலாம், மறுபடி தழைக்கும், அந்த ஆண்டுப் பூ மட்டும் போகும்.

எப்போது என்பதில் என் கணக்கு வேறு. ஐப்பசி கார்த்திகை மழையில் வெட்டினால் வெட்டுவாய் ஈரம் வாங்கி அழுகும். மார்கழிக் கடைசியில் வெட்டலாம், செடிக்கு நல்லதுதான், ஆனால் வெட்டிய குச்சி காய்ந்து கிடக்கும்போது போகி வந்துவிடும். வாசலில் எதையாவது கொளுத்தக் காத்திருக்கும் வீட்டில் அந்தக் குவியலை யார் விட்டுவைப்பார்கள்? அரளி எரிந்த புகையும் நஞ்சுதான். ஆகவே பொங்கல் முடியட்டும், தை பிற்பாதியில் வெட்டுங்கள். சித்திரையில் புதுத்தளிர் நிறையப் பூ வைக்கும்.

வெட்டும் நாளில் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதையே போட்டுக்கொள்ளலாம், மற்றவர்கள் பைக் ஓட்டப் போடும் கண்ணாடியாவது மாட்டிக்கொள்ளுங்கள். கிளையை இழுத்து வெட்டும்போது நுனி திருப்பி அடித்து, ஒரு சொட்டுப் பால் கண்ணில் தெறித்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. தெறித்துவிட்டால் தேய்க்காமல், குழாயைத் திறந்து பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள். பெரிய புதரென்றால் மேலிருந்து கீழே வெட்டி வாருங்கள், அடியிலிருந்து தொடங்கினால் வெட்டியதெல்லாம் மேல்கிளையில் சிக்கித் தலையில் விழும். அடித்தூரில் கிளம்பும் பக்கக்கன்றுகளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்தெடுங்கள், வெட்டினால் அங்கேயே இரண்டாக வரும்.

ஆள் வைத்து வெட்டுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்காக ஒன்று. வேலைக்கு வருகிற அண்ணனிடம் “இது அரளி” என்று சொன்னால் “தெரியும் சார்” என்பார். தெரியும்தான். ஆனால் பத்து மணிக்கு டீ வரும், அதே கையால் டம்ளரைப் பிடிப்பார், பீடி பற்றவைப்பார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார், வேர்வையைத் துடைக்கக் கண்ணில் கை வைப்பார். அரளியின் குணம் அவருக்குத் தெரியாமல் இல்லை, பழக்கத்தில் கை தானாகப் போகிறது. வேலை தொடங்கும் முன்பே வாளித் தண்ணீரும் சோப்பும் அவர் கண் முன்னால் வைத்துவிடுங்கள். டீ வந்ததும் கையுறையைக் கழற்றச் சொல்லி, கை கழுவிய பிறகு டம்ளரைக் கொடுங்கள். சொன்னால் மறப்பார், வாளி கண்ணெதிரே இருந்தால் மறக்கமாட்டார். வேலை முடிந்ததும் கத்தரி, அரிவாள், கையுறை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதே அரிவாள் மறுநாள் இளநீர் சீவப் போகும்.

வெட்டியாகிவிட்டது. ஒரு வண்டி தழை வாசலில் கிடக்கிறது. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

தெருவோரம் குவித்து வைத்தால் காலையில் குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்பார்கள். அதற்குள் ராத்திரியில் மாடு வரும். மாடுதான் அரளியைத் தின்னாதே என்பீர்கள். பச்சையாக, செடியில் நிற்கும்போது தின்னாது, கசப்பு. வாடிய இலையை, அதுவும் புல்லோடும் வாழைத்தோலோடும் கலந்து கிடந்தால், தின்றுவிடும். நஞ்சு அப்படியே இருக்கும். புல் வெட்டும் நாளும் அரளி வெட்டும் நாளும் ஒரே நாளாக இருக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். இரண்டும் ஒரே குவியலில் சேரும், பக்கத்து வீட்டு ஆட்டுக்காரர் வந்து “தழையை எடுத்துக்கவாம்மா” என்று கேட்பார், நீங்களும் தலையாட்டுவீர்கள்.

கொளுத்தவே கூடாது என்று போகியோடு சொல்லிவிட்டேன். குச்சியை வெந்நீர் அடுப்பில் வைப்பதும் கொளுத்துவதுதான். காய்ந்த பிறகு எந்தக் குச்சி எது என்று அடுப்படியில் இருப்பவருக்குத் தெரியாது, அதனால் விறகுக் கட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நேராக, வழவழப்பாக, அளவான கனத்தில் இருப்பதால் அரளிக் குச்சியைப் பார்த்தவுடன் எதற்காவது பயன்படுத்தக் கை துறுதுறுக்கும். கறி கோத்துச் சுட, பாயசம் கிண்ட, பல் துலக்க, பிள்ளைகளுக்கு வில் செய்ய, எதற்கும் ஆகாது. அவரைக்கொடிக்கு ஊன்றுகோலாகவும் வைக்காதீர்கள். அது வேர்விட்டு அவரைக்குள்ளேயே அரளி தழைத்துவிடும், வேடிக்கை இல்லை, பார்த்திருக்கிறேன்.

பிறகு என்னதான் செய்வது? இடமிருந்தால் குழி. கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் தள்ளி, இரண்டரை மூன்றடி ஆழத்தில் வெட்டி, தழையைக் குட்டையாக நறுக்கிப் போட்டு மிதித்து, மேலே ஓரடி மண் மூடுங்கள். நாய் கிளறாமல் ஒரு கல். ஒழுங்காகச் சூடேறி மக்கும் உரக்குவியலில் நஞ்சு சிதைந்துபோகும் என்பது உண்மை, ஆனால் வீட்டு உரத்தொட்டியில் அந்தச் சூடு வருவதில்லை. அதனால் காய்கறிக்குப் போகும் உரத்தோடு நான் சேர்ப்பதில்லை. குழியில் ஓராண்டு கிடந்து மக்கியதை எடுத்து அரளிக்கே போடலாம், குரோட்டன்ஸுக்குப் போடலாம். குழிக்கு இடமில்லாத நகரத்து வீடு என்றால் சாக்கில் திணித்து வாயைக் கட்டி, மதிலுக்கு உள்ளேயே வைத்து, தூய்மைப் பணியாளர் வரும்போது கையில் கொடுத்து இன்னதென்று சொல்லுங்கள். திறந்த வண்டியில் கொட்டாமல் சாக்கோடு போகட்டும். வெட்டிய இடத்தைத் துடைப்பத்தால் ஒருமுறை கூட்டி முடியுங்கள், சிந்திய இலை பத்து இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

பூ விஷயத்திலும் இதே மாதிரி ஒரு ஓட்டை உண்டு. பூத்தொடுக்கிறவர்கள் நாரைப் பல்லால் கடித்து அறுப்பார்கள். அரளி தொடுக்கும்போது பக்கத்தில் கத்தரிக்கோல் இருக்கட்டும். சாத்திய மாலையை மறுநாள் கழற்றியதும் பசுவுக்குப் போடுகிற பழக்கம் இருந்தால், அரளி இருக்கும் மாலையைப் போடாதீர்கள். பிரசாதத் தட்டில் குங்குமத்தோடு அரளிப் பூவை வைப்பதையும் நிறுத்திவிடலாம். கேரளத்தில் ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளிதான் காரணம் என்ற சந்தேகம் எழுந்தபின், 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்தின. பூஜைக்குத் தடையில்லை, வாய்க்குப் போகும் பொருளோடு சேரக்கூடாது என்பதுதான். வீட்டுப் பூஜைக்கும் அது போதுமான விதி.

குழந்தை இலையையோ பூவையோ மென்றுவிட்டது என்று தெரிந்தால், அல்லது சந்தேகமாக இருந்தாலே, வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அறிகுறி தாமதமாகவும் வரலாம். வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கையில் இருக்கும் வண்டியில் கிளம்புங்கள். உப்புத் தண்ணீர், மோர், மஞ்சள், எதுவும் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். மென்ற செடியின் ஒரு கொப்பைப் பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். செவ்வரளியா மஞ்சள் அரளியா என்று வாயால் விளக்கி நேரம் போக்க வேண்டியிருக்காது. பெரும்பாலும் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, படுக்கையில் வைத்துத் துடிப்பைக் கவனிப்பார்கள். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று பாதியில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

நர்சரிக்காரர் அரளிக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கும் அடீனியம், அதாவது பாலைவன ரோஜா, இதே குடும்பம், இதே மாதிரி நஞ்சு. தொட்டியில் அழகாக இருக்கிறதென்று வரவேற்பறையில் வைக்கிறோம். அதன் கிளையைக் கழிக்கும்போதும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். மஞ்சளாகப் பூக்கும் அலமண்டாவும் அரளிக் குடும்பம்தான், அரளி அளவுக்கு மோசமில்லை, பால் பட்டால் சிலருக்கு அரிக்கும்.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் சாவி கொடுக்கும்போது மோட்டார் சுவிட்சையும் தண்ணீர் வரும் நேரத்தையும் சொல்கிறார்கள், செடியைப் பற்றிச் சொல்வதில்லை. குடிவருகிறவர் வேறு ஊர்க்காரராக இருக்கலாம், அவர் ஊரில் அதற்கு வேறு பெயர் இருக்கலாம், ஆடு வளர்க்கிறவராகவும் இருக்கலாம். செடியின் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டி, இது அரளி, வெட்ட வேண்டுமென்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். எப்படியும் தை மாதம் ஒருமுறை நீங்கள்தான் ஆளோடு வந்து வெட்டவேண்டியிருக்கும், அதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.